போடிமெட்டுக்குப் போன தொப்பி!

ஃபெடோரா... பேரைக் கேட்டதும் ஏதோ ரஷ்யப் பொண்ணு ஞாபகம் வருதா? கரெக்ட் பாஸ், பொண்ணேதான்! 1882-ல் பாரீஸில் மேடையேறிய ஒரு நாடகத்தின் பெயர் ‘ஃபெடோரா’. எழுதியவர் விக்டோரியன் சார்தூ. ரஷ்ய இளவரசி ஃபெடோராவாக நடித்தவர் அந்தக் காலத்து சூப்பர் ஸ்டார் சாரா பெர்னார்ட். நாடகம் போட்ட போட்டில், உச்சியில் நீளமாக ஒரு மடிப்பும் சுற்றிலும் வளையும் விளிம்பும் உள்ள மெத்தென்ற தொப்பிக்கு அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு. முதல்ல பெண்கள்தான் ஸ்டைலாப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சாங்க. அப்புறம் நம்ம ஆம்பளைங்க அபேஸ் பண்ணி, டிடெக்டிவ், கேங்ஸ்டர், இண்டியானா ஜோன்ஸ்னு ஆக்கிட்டாங்க. (பொண்ணுங்ககிட்ட இருந்து சுட்டது இதுமட்டுமா என்று பின்பெஞ்சில் ஒரு குரல் கேட்குது!)

இந்தக் குடும்பத்துத் தொப்பியை நீங்க ஆட்டோ முதுகிலேயே பார்த்திருப்பீங்க. பகத்சிங்! 1929 ஏப்ரல் 8-ம் தேதி டெல்லி சட்டசபையில் குண்டு வீசுறதுக்குச் சில நாள் முன்னாடி, காஷ்மீர் கேட் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ அது. லாகூரில் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவித் தப்பிக்கிறதுக்கும் அவருக்குத் துணையா இருந்தது கோட்டும் தொப்பியும்தான். தொப்பி போட்டவன் துரை, துரையைப் போலீஸ் பிடிக்காது... அவ்வளவுதான் லாஜிக்.

இந்த லாஜிக் எங்க ஊர் மலையிலும் ரொம்ப நாள் ஓடியது. எங்க ஊர்? போடிநாயக்கனூர். ஏலக்காய்க்கே ஏலம் போடுற ஊர்! மேற்கே தலையைத் தூக்கிப் பார்த்தா சுவர் மாதிரி மலை. அதுக்கு அந்தப் பக்கம் ஏலமலை. இடுக்கி மாவட்டம். தோட்டம் அங்கே, வேலைக்குப் போற கால்கள் இங்கே. ஏல வியாபாரம் போடியிலும் அந்தப் பக்கம் புத்தடியிலும் நடக்கும். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போய் எல்லாரையும் மிரள வெச்சுது. 2022-ல் ஆயிரத்துக்கும் கீழே வந்து படுத்துக்கிச்சு. வியாபாரத்தில் விழுந்தவரை ‘தலையில துண்டைப் போட்டுட்டாரு’ என்று சொல்வோமே, அந்த வருஷம் எங்க ஊரில் துண்டுக்கு நல்ல கிராக்கி.

துண்டு இருக்கட்டும், தொப்பிக்கு வருவோம். எங்க வீட்டு ட்ரங்க் பெட்டியில் ஒரு ஃபெடோரா இருக்கு. காபித்தூள் கலர். தாத்தா ஏலத் தோட்டத்தில் ஜீப் டிரைவர். எழுபதுகளில் அங்கே மேனேஜராக இருந்தவர் வேலையை விட்டுப் போகும்போது, “வெச்சுக்கோ” என்று கொடுத்துட்டுப் போனதாம். அவர் வெள்ளைக்காரர் கிடையாது, நம்ம ஆளுதான். ஆனா தோட்டத்தில் மேனேஜர்னா எந்த ஊர்க்காரரா இருந்தாலும் ‘துரை’.

தாத்தா கடைசிவரைக்கும் அதை வெளியே போட்டதே இல்லை. அப்பத்தாகிட்ட கேட்டேன்.

“போட்டாரு, போட்டாரு... கதவைச் சாத்திக்கிட்டு, கண்ணாடி முன்னாடி. தோட்டத்துல துரை வந்தா தலையில கெட்டுன துண்டை அவுத்து இடுப்புல கெட்டணும்யா. அந்த மனுசன் தொப்பியைப் போட்டுக்கிட்டு ரோட்டுல நடந்தா ஊரு என்னா சொல்லும்? சிரிச்சுப்புடும்ல?”

ஒரு தொப்பிக்கு இவ்வளவு கனமா என்று எனக்கு ஆச்சர்யம். கொஞ்சம் தேடிப் பார்த்தேன். வெள்ளைக்காரங்க மலைக்கு வந்தப்போ தலையில் வெச்சிருந்தது சோலாத் தொப்பி. சோலான்னா ஏதோ சோலார்னு நினைச்சுடாதீங்க, நம்ம குளத்தில் வளர்ற நெட்டிச் செடி! தஞ்சாவூரில் கோயில், மாடு, தேர்னு பொம்மை செய்றாங்களே, அதே நெட்டி. காற்று அடைபட்ட குட்டிக் குட்டி அறைகளாக இருப்பதால் வெயில் சூடு உள்ளே இறங்காது. தெர்மோகோல் தத்துவம்தான். அடுத்தது டெராய் தொப்பி. இது அகலமான விளிம்பு வெச்ச ஃபெல்ட், ரெண்டு அடுக்கு. ஃபெடோராவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்னு வெச்சுக்கலாம். ஜான் மன்றோ 1877-ல் பூஞ்சார் ராஜாகிட்ட கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினதில் இருந்து, மலையில் தலைக்கு மேல் என்ன இருக்கோ அதை வெச்சுத்தான் ஆளை எடை போட்டாங்க. தொப்பின்னா துரை. தலைப்பாகைன்னா கங்காணி. சாக்கை முக்காடு மடிச்சுப் போட்டிருந்தா கூலி.

சரி, முடிவு பண்ணினேன். தாத்தா தொப்பி மலைக்குப் போகணும். ஆனா எடுத்துப் பார்த்தா... பாவம். உச்சி அமுங்கி, விளிம்பு ஒரு பக்கம் வாடின வெற்றிலை மாதிரி தொங்குது. உள்ளே தோல் பட்டையில் அந்தக் கால எண்ணெய்ப் பிசுக்கு. ரெண்டு இடத்தில் பூச்சி கடிச்ச ஓட்டை.

இங்கே கொஞ்சம் எஞ்சினீயரிங் பேசிக்கிறேன், தூங்கிடாதீங்க. ஃபெல்ட் என்பது நெய்த துணி இல்லை. ஊடும் கிடையாது, பாவும் கிடையாது. ஆட்டு ரோமத்தையோ முயல் ரோமத்தையோ மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி செதில் செதிலாக இருக்கும். ஈரம், சூடு, அழுத்தித் தேய்க்கிறது மூணும் சேர்ந்தா ஒவ்வொரு முடியும் ஒரே திசையில் மட்டும் நகர்ந்து பக்கத்து முடியோட சிக்கிக்கும். திரும்பி வராது. ஒன்வே டிராஃபிக்! அப்படிச் சிக்கிச் சிக்கி இறுகினதுதான் ஃபெல்ட். தொப்பிப் பராமரிப்பு மொத்தமும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கிடும். தொப்பி பிறந்ததே அந்த மூணுலதான். மறுபடி மூணையும் ஒண்ணாக் கொடுத்தா அது மேலும் இறுகும், சுருங்கும், உங்க தம்பி தலைக்குத்தான் ஆகும்.

அதனால சோப்பு, பக்கெட், பிரஷ் எல்லாம் ஓரமாப் போயிருங்க. முதல்ல மெத்தென்ற பிரஷ். புதுசா வாங்கின ஷூ பிரஷ் போதும், பாலீஷ் பக்கமே போகாததா இருக்கணும். ரோமம் படிந்திருக்கிற திசையிலேயே மெதுவா. பெரும்பாலான தொப்பியில் அது மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகப் போகும். எண்ணெய்க் கறைக்கு முகப் பவுடரைத் தூவி ஒரு ராத்திரி விட்டேன். காலையில் தட்டிட்டு பிரஷ் போட்டா, பவுடர் பாதி எண்ணெயை உறிஞ்சி வெச்சிருக்கு. மறுநாளும் அதே வைத்தியம். தோல் பட்டையை லேசா ஈரமான துணியால் துடைச்சு, வெளியே புரட்டிக் காய விட்டேன். நம்ம ஊர்ப் பசங்களுக்கு ஒரு விஷயம்: தொப்பி போடுற அன்னிக்குத் தேங்காய் எண்ணெய்க்கு லீவு விட்டுடுங்க. மழையைவிட நம்ம தலைதான் தொப்பிக்குப் பெரிய எதிரி.

தொங்கின விளிம்புக்கு ஆவி. இட்லிச் சட்டி மூடியை லேசா விலக்கி, வர்ற ஆவியில் ஒரு சாண் தள்ளிப் பிடிச்சா பத்துப் பதினைந்து செகண்டில் ஃபெல்ட் இளகும். கையால் வடிவம் கொடுத்து அப்படியே ஆற விடணும், தேய்க்கக் கூடாது. “அதுக்குள்ள எதை வேக வைக்கிறே?” என்று அப்பத்தா எட்டி எட்டிப் பார்த்துச்சு. உச்சி எழுந்து உட்கார்ந்ததும், “அட, அந்த மனுசன் தலை மாதிரியே இருக்கே” என்று சொல்லிட்டு வேற பக்கம் திரும்பிக்கிச்சு.

பூச்சி ஓட்டையை அப்படியே விட்டுட்டேன். ஓட்டை போடுறது பறக்கிற அந்துப்பூச்சி இல்லை, அதோட புழு. ரோமத்தில் இருக்கிற கெரட்டின் அதுக்குப் பிரியாணி. வியர்வை பட்ட தொப்பின்னா டபுள் பிரியாணி. சுத்தம் பண்ணாமல் மூடி வெச்ச தொப்பியைத்தான் முதல்ல பிடிக்கும். அடிக்கடி வெளியே எடுத்துத் தட்டுறதைவிட நல்ல மருந்து கிடையாது.

புதுசா வாங்குறவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. மூணாறு போற ரோட்டுக் கடைகளில் கயிற்றில் வரிசையாத் தொங்குமே தொப்பி, பெரும்பாலும் பாலியஸ்டர். போட்டோவுக்கு ஓகே, ஒரு மழைக்குக் காணாது. சந்தேகம்னா உள்பக்கம் ஒரு நூலிழை பிச்சுக் கொளுத்திப் பாருங்க (வாங்கின பிறகு!). முடி கருகுற நாத்தம் வந்தா ரோமம். உருகி உருண்டையாச்சுன்னா பிளாஸ்டிக். சைஸுக்கு, காதுக்கு மேலே நெற்றி நடுவில் சுத்தி டேப் பிடிங்க. 56 செ.மீ.னா சைஸ் 7, 58-ன்னா 7¼, 60-ன்னா 7½. ரெண்டுக்கும் நடுவில் வந்தா பெரிசையே எடுங்க. பெரிசை சின்னதாக்கப் பேப்பர் போதும், சின்னதைப் பெரிசாக்க ஆள் தேடணும். விளிம்பு ஆறு செ.மீ. பக்கம் இருந்தா ஃபெடோரா, ரொம்பக் குட்டையா பின்னாடி தூக்கிக்கிட்டு இருந்தா அது ட்ரில்பி. அதுவும் ஒரு கதையில் வர்ற பொண்ணு பேருதான்! ஒல்லி முகத்துக்கு ரொம்ப அகலமான விளிம்பு வேண்டாம்னு எல்லாரும் சொல்வாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். போடுறவனுக்குக் கூச்சம் இல்லைன்னா எல்லா விளிம்பும் பொருந்தும்.

போடியிலேயே நாள் பூரா போடப் போறீங்களா? அப்ப ஃபெல்ட் வேண்டாம், பனையோலையோ வைக்கோலோ பின்னினது வாங்குங்க. ஊரில் இருந்து போடிமெட்டு சுமார் ஆயிரம் மீட்டர் உயரம் கூடுதல். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும்னு பிளஸ் டூவில் படிச்சதைக் கணக்குப் போட்டா, கீழே வேர்க்கிற தொப்பி மேலே சுகமா இருக்கும்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. விடிஞ்சும் விடியாமல் சித்தி கூட ஜீப்பில் கிளம்பிட்டேன். சித்திக்கு ஏலத் தோட்டத்தில் காய் எடுக்கிற வேலை. போடி, தேவாரம், கம்பம் பக்கம் இருந்து தினமும் இப்படி ஜீப் ஜீப்பா மலை ஏறுவாங்க. வண்டிக்குள் எத்தனை பேர் என்று எண்ண முடியலை. எண்ணணும்னா முதல்ல கழுத்தைத் திருப்ப இடம் வேணும். தொப்பி என் மடியில், உச்சி கீழே, விளிம்பு மேலே. அப்படித்தான் வைக்கணும். விளிம்பு தரையைப் பார்த்து உட்கார்ந்தா அதன் வளைவு தட்டையாயிடும்.

முந்தல் தாண்டினதும் கொண்டை ஊசி வளைவுகள், மொத்தம் 17. புலியூத்து அருவி மழை பெய்ஞ்ச சந்தோஷத்தில் இருந்துச்சு. ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே போடி சின்னதாகிக்கிட்டே போகுது. புளியந்தோப்பு, தென்னந்தோப்பு, கண்மாய், அதுக்கு நடுவில் ரயில் தண்டவாளம். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தி, 2023 ஜூனில்தான் அகல ரயில் போடிக்கு வந்துச்சு. நடுவில் வளர்ந்த என்னை மாதிரிப் பசங்களுக்கு ‘ஸ்டேஷன்’னா ஆடு மேயுற இடம்!

வலது கைப்பக்கம் தூரத்தில் தெரியுறது குரங்கணி மலை. ஒரு காலத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனில் இருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தொங்கிக்கிட்டு இறங்கிச்சு. தொப்பி, முதுகுப் பை என்று அங்கே மலையேற வர்றவங்க நிறைய. 2018 மார்ச் 11-ம் தேதி காட்டுத் தீயில் 20 பேருக்கு மேல் போயிட்டாங்க. ஜீப்பில் அந்தப் பக்கம் பார்த்தப்போ யாரும் எதுவும் பேசலை. போறவங்க வனத்துறை அனுமதி வாங்கிட்டுப் போங்க, கோடையில் போகவே வேண்டாம்.

போடிமெட்டில் இறங்கினதும் காத்து! மேற்கே இருந்து கணவாய் வழியா வர்ற காத்து தொப்பியைப் பார்த்ததும் விளையாடக் கூப்பிடுது. அந்தக் கால ஃபெடோராவில் ரிப்பனைச் சுற்றி மெல்லிசா ஒரு கயிறும் நுனியில் பட்டனும் இருக்குமாம். காத்தடிச்சா பட்டனை எடுத்துக் கோட்டில் மாட்டிக்கலாம். பறந்தாலும் கூடவே பறக்கும், ஓடிப்போகாது. எனக்கு எங்கே கோட்டு? சட்டைப் பித்தானில் ஒரு நூலைக் கட்டிச் சமாளிச்சேன். இன்னொண்ணு... எல்லாரும் சினிமாவில் பார்த்துட்டு உச்சியில் கிள்ளின இடத்தைப் பிடிச்சுத் தூக்குறாங்க. நாளாவட்டத்தில் அங்கேதான் விரியும். விளிம்பை முன்னும் பின்னும் ரெண்டு கையால் பிடிக்கணும்.

பூப்பாறை தாண்டித் தோட்டம். உள்ளே நுழைஞ்சதும் ஒரு பச்சை இருட்டு. மேலே பெரிய பெரிய மரம், கீழே ரெண்டு ஆள் உயரத்துக்கு ஏலச்செடி. காய் எங்கே என்று மேலே தேடினேன். சித்தி சிரிச்சுது. “மேல என்னத்தைடா பாக்குறே? தரையைப் பாரு.” ஏலக்காய் செடியோட தலையில் காய்க்காது, காலடியில் காய்க்கும். தூரில் இருந்து சரம் சரமா மண்ணோட படர்ந்து, அதில் பச்சைக் காய். அதனால் நின்னு பறிக்கிற வேலையே இல்லை. குத்தவெச்சு, நகர்ந்து, குனிஞ்சு, நாள் பூரா. அதே செடிக்கு நாற்பது நாள் கழிச்சு மறுபடி வரணும்.

தொப்பியைப் போட்டுக்கிட்டு நானும் உட்கார்ந்தேன். அஞ்சு நிமிஷம் தாங்கலை. விளிம்பு ஒவ்வொரு தட்டையிலும் இடிக்குது. இடிச்சா இலையில் தேங்கின தண்ணி மொத்தமும் கழுத்தில். சித்தி தலையைப் பார்த்தேன். பழைய பருத்தித் துணியை நெற்றியோட இறுக்கிப் பின்னாடி முடிச்சு, அதுக்கு மேலே பிளாஸ்டிக் தாள், மேலே ஒரு முழுக்கைச் சட்டை. எதுவும் எதிலும் இடிக்கலை. மழை ஒழுகி முதுகுப் பக்கம் வழிஞ்சு போயிடுது. வேர்த்தா துணி உறிஞ்சிக்குது. வீட்டுக்குப் போய்த் துவைச்சுப் போட்டா முடிஞ்சது. ஃபெடோரா நின்னு வேலை வாங்குறவனுக்கான தொப்பி. உட்கார்ந்து வேலை செய்றவங்களுக்கு அது ஆகாது. அதை எந்த கேட்லாக்கிலும் எழுதியிருக்க மாட்டாங்க.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தூறல் விட்டுச்சு. தூக்குவாளியைத் திறந்த கையோட ஒரு அக்கா, “ஏப்பா, அதைக் குடு, போட்டுப் பாப்போம்” என்றார். போட்டார். எழுந்து நின்னார். இடுப்பில் கை, வயிறு முன்னாடி, புருவம் மேலே. “என்னா... இன்னிக்கு எடை குறையுது? பேசிக்கிட்டே எடுக்கிறீகளோ?” ஒரு செகண்ட் சைலன்ட். அப்புறம் சிரிப்பு வெடிச்சுது பாருங்க, மரத்தில் இருந்த பறவையெல்லாம் கிளம்பிருச்சு. தொப்பி கை மாறிக் கை மாறிச் சுத்தினது. ஒரு பாட்டி துரை மாதிரி இருமிக் காட்டினார். என்னைவிட ரெண்டு வயசு சின்னப் பொண்ணு ஒருத்தி, யாரையும் கிண்டல் பண்ணாமல், செல்போனில் முகத்தைப் பார்த்து, விளிம்பை ஒரு பக்கம் லேசா இறக்கிவிட்டு, போட்டோ எடுத்துக்கிட்டாள். அன்னிக்கு அந்தத் தொப்பி பொருந்தின ஒரே தலை அதுதான். என் தலையையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

சாயந்திரம் எடை போட்டு ஸ்டோருக்குக் காய் போச்சு. ஸ்டோர்னா காய் உலர்த்துற கட்டிடம். ஐம்பது டிகிரியைச் சுற்றி நிதானமான சூட்டில் ஒரு நாள் பக்கம் வாடணும். அஞ்சு கிலோ பச்சைக்காய் போனால் ஒரு கிலோ வெளியே வரும், பச்சை நிறம் மட்டும் போகக் கூடாது. கதவைத் திறந்ததும் வந்த வாசனை இருக்கே... பாயசம் பக்கத்தில் நிக்க முடியாது. என் தொப்பி நனைஞ்சிருக்கிறதைப் பார்த்து ஸ்டோர் அண்ணன், “உள்ள வெச்சுட்டுப் போப்பா, காலையில முறுமுறுன்னு காஞ்சிருக்கும்” என்றார். பாசமாத்தான் சொன்னார். ஆனா ஈரம் பிளஸ் சூடு... மேலே படிச்சீங்கல்ல? வேண்டாம்ணே என்று சொல்லி, பட்டையை வெளியே புரட்டி, உள்ளே பழைய நியூஸ் பேப்பரை லேசா சுருட்டி வெச்சு எடுத்துட்டு வந்தேன். வீட்டில் ஃபேன் காத்துகூட நேரா படாத மூலையில் ரெண்டு நாள். அடுப்பு, ஹேர் டிரையர், மொட்டை மாடி வெயில் மூணும் தடா. நல்லாக் காய்ந்த பிறகுதான் பிரஷ். நம்ம ஏரியா ஈரத்துக்கு இன்னொரு டிப்ஸ்: புது ஷூ பெட்டியில் வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாதீங்க. பெட்டிக்குள் தொப்பியோட போட்டு வெச்சா பூஞ்சை பிடிக்காது.

காய்ந்ததும் பெட்டியில் வைக்கப் போனேன். அப்பத்தா திண்ணையில் இருந்து, “மலையில யாரு யாரு போட்டுப் பாத்தா?” என்று கேட்டுச்சு. சித்தி, அந்த இடுப்பில் கை வெச்ச அக்கா, இருமின பாட்டி, செல்போன் பொண்ணு என்று வரிசையாச் சொன்னேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்னுக்கிட்டே இருந்துச்சு.

“எனக்குச் சேருமாய்யா?”

டேப் எடுத்தேன். கொண்டையை அவிழ்த்துட்டு அளந்தா 55 செ.மீ. தொப்பி 58. பேப்பரை நாலா மடிச்சு, பட்டைக்குள் நெற்றிப் பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு. சரியா உட்கார்ந்துச்சு. கதவு திறந்துதான் இருந்தது.